ஆற்றங்கரை முகாமில் குடும்பத்தோடு தங்க: கரையோரமா, மேட்டிலா? கூடாரமா, கேபினா?

ஆற்றங்கரை முகாமில் இடம் பிடிக்கும்போது பெரும்பாலானோர் முதலில் கேட்பது தண்ணீரை ஒட்டிய இடத்தைத்தான். படத்தில் அதுதான் அழகாக இருக்கும். முதலில் நிரம்புவதும் அதுதான். பிள்ளைகளோடு போகிறவர்கள் அந்தப் படத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். நடுராத்திரி, நல்ல மழை, விளக்கு இல்லை, பிள்ளைகள் அயர்ந்து தூங்குகிறார்கள். அந்த நேரத்தில் ஆறு ஏறுகிறது என்று தெரிந்தால், எல்லோரையும் எழுப்பித் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போய்ச் சேர உங்களுக்கு எத்தனை நிமிடம் ஆகும்? ஐந்து நிமிடத்துக்குள் என்றால் இடம் சரி. கால் மணி நேரம் என்றால் எவ்வளவு அழகான இடமானாலும் அது உங்கள் குடும்பத்துக்கு ஆகாது.

எங்கே தங்குவது, எதில் தங்குவது என்று இரண்டு முடிவுகள் எடுக்க வேண்டியிருக்கிறது. பலரும் கூடாரமா கேபினா என்பதில் தொடங்குகிறார்கள். அதைப் பின்னால் வைத்துக்கொள்வது நல்லது. கூடாரத்தில் குறை இருந்தால் மேலே ஒரு தார்ப்பாயைக் கட்டிச் சமாளித்துவிடலாம். தாழ்வான இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டால் சமாளிக்க வழியே இல்லை.

கரையோரமா, மேல்படியா

ஆற்றை ஒட்டிய நிலம் பெரும்பாலும் படிபோல இருக்கும். தண்ணீருக்குப் பக்கத்தில் மணலும் சரளையும் கலந்த ஒரு தாழ்ந்த தளம். அது ஆறு பெருகும்போது பரவுவதற்கென்றே இருக்கும் நிலம். அதற்கு அப்பால் நிலம் சட்டென்று ஓர் ஆள் உயரம், சில இடங்களில் அதற்கும் மேலே எழும்பி, மறுபடி சமமாகும். முகாமில் இந்த இரண்டு தளத்திலும் இடம் போட்டிருப்பார்கள். கீழ்த்தளத்தைக் கரையோரம் என்றும் மேலே இருப்பதை மேல்படி என்றும் வைத்துக்கொள்வோம்.

கரையோரத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படும் காரணம் ஒன்று உண்மையிலேயே வலுவானது: பிள்ளைகள் தண்ணீரில் விளையாடும்போது நாற்காலியில் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருக்கலாம். மேல்படியில் இருந்தால் ஒவ்வொரு தடவையும் கூடவே இறங்கி வர வேண்டும். ஆனால் இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். விளையாடும் நேரத்தில் எல்லாப் பெற்றோரும் கண்ணும் கருத்துமாகத்தான் இருக்கிறார்கள். ஆபத்தான நேரம் அது அல்ல. வந்து இறங்கிய முதல் ஒரு மணி நேரம்தான் ஆபத்தானது. பெரியவர்கள் இருவர் கையிலும் கூடாரக் கழி, வண்டிக் கதவு திறந்து கிடக்கிறது, பிள்ளைகளோ ஆற்றைப் பார்த்த உற்சாகத்தில் இருக்கிறார்கள். அடுத்தது, சமையல் நடக்கும் சாயங்காலம். மூன்று வயதுக் குழந்தை பத்து மீட்டரை ஏழெட்டு வினாடியில் ஓடிக் கடந்துவிடும். மூழ்கும் குழந்தை கத்தாது, கையை ஆட்டிக் கூப்பிடவும் செய்யாது. மூச்சு விடவே வாய் மேலே வராதபோது குரல் எழும்பாது. அப்படியே ஒரு சத்தம் வந்தாலும் ஓடும் தண்ணீரின் இரைச்சல் அதை விழுங்கிவிடும். மேல்படியில் இருந்தால் கிடைக்கும் ஐம்பது, அறுபது மீட்டர் இடைவெளி உங்கள் கவனக்குறைவுக்கு அரை நிமிடத்துக்கும் மேல் அவகாசம் தருகிறது. கரையோரம் அந்த அவகாசத்தைத் தருவதில்லை.

அடுத்தது வெள்ளம். முழங்காலுக்குக் கீழே ஓடும் தண்ணீர்தானே என்று எண்ணக் கூடாது. வேகமாக ஓடும் வெள்ளம் 15 செ.மீ. ஆழம் இருந்தாலே பெரியவரைத் தள்ளிவிடும். 30 செ.மீ. சிறிய கார்களை நகர்த்திவிடும், 60 செ.மீ. ஏறக்குறைய எல்லா வண்டிகளையும் அடித்துப் போய்விடும். ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகிறது என்பதுதான் காரணம். பகலில் பிள்ளைகள் நடந்து திரிந்த அதே மணல்திட்டில் இரவில் நிற்கக்கூட முடியாமல் போகலாம். உங்கள் தலைக்கு மேல் மழை பெய்ய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வெகு தூரத்தில் மலையில் பெய்தது சில மணி நேரம் கழித்து, வானம் தெளிவாக இருக்கும்போது வந்து சேரும். மேலே அணை இருந்தால் மழையே இல்லாமலும் தண்ணீர் ஏறும்.

ஓர் இடம் எவ்வளவு தாழ்வு என்பதை ஆறே எழுதி வைத்திருக்கும். கரைப் புதர்களையும் மரத்தின் அடிக்கிளைகளையும் பாருங்கள். காய்ந்த புல், நாணல், குச்சி, கிழிந்த பிளாஸ்டிக் எல்லாம் ஓட்டம் போகும் திசையில் சீவி விட்டதுபோல ஒரே மட்டத்தில் சிக்கிக் கிடக்கும். அண்மையில் வந்த வெள்ளம் தொட்ட உயரம் அது. நீங்கள் படுக்கும் தரை அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அந்தக் கோடு உங்கள் இடுப்பளவில் இருந்தால் வேறு இடம் கேளுங்கள்.

எந்தத் தளத்தில் தங்கினாலும் சாயங்காலமே ஒரு குச்சியைத் தண்ணீரின் விளிம்பில் ஊன்றி, நீர்மட்டத்தில் கத்தியால் ஒரு கீறல் போட்டு வையுங்கள். படுக்கும் முன்பும், இடையில் விழிக்கும்போதும் டார்ச் அடித்துப் பாருங்கள். கீறலுக்கு மேலே நான்கு விரல் ஏறியிருந்தால் சாமானைக் கட்டத் தொடங்க வேண்டும். குச்சியே காணவில்லை என்றால் சாமானை விட்டுவிட்டு ஆட்களை மட்டும் ஏற்ற வேண்டும். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்குவது, சருகும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வருவது, சலசலப்பு மாறி அடித்தொண்டையில் உறுமுவதுபோலக் கேட்பது, இவையும் அதே செய்திதான்.

கரையோரத்திலேயே இடத்துக்கு இடம் வித்தியாசம் உண்டு. ஆறு வளையும் இடத்தில் வெளிவளைவுப் பக்கம் ஆழமும் வேகமும் கூடுதல். தண்ணீர் கரையை அடியில் அரித்துக்கொண்டே இருக்கும். மேலே புல் முளைத்து உறுதியாகத் தெரியும் விளிம்புக்குக் கீழே வெறும் காற்றுதான் இருக்கும். ஒரு பெரியவர் நின்றால் பெயர்ந்து விழும். உள்வளைவில் மணல் படிந்து ஆழமில்லாமல் இருக்கும். பிள்ளைகளுக்கு அதுதான் நல்லது. ஆனால் அந்த மணலும் ஓரிடத்தில் சட்டென்று இறங்கும். பிள்ளைகளை இறக்கும் முன் ஒரு கழியால் குத்திப் பார்த்து, முழங்கால் ஆழம் முடியும் இடத்தில் துணி கட்டிய குச்சியை நட்டு எல்லை காட்டிவிடுங்கள்.

குளிரும் பனியும் மேல்படிக்கே சாதகம். இரவில் குளிர்ந்த காற்று கனமாகிப் பள்ளத்தை நோக்கி வழியும். அதனால் ஆற்றுப் படுகை மேட்டைவிடக் குளிர்ந்திருக்கும், பனியும் அங்கேதான் அதிகம் இறங்கும். பூச்சி விஷயத்தில் ஒரு சின்னத் திருத்தம் தேவை: கொசு வேகமாக ஓடும் ஆற்றில் பெருகுவதில்லை. பக்கத்தில் தேங்கி நிற்கும் குட்டைகளிலும் ஆறு விட்டுப்போன பழைய வாய்க்கால்களிலும்தான் பெருகும். வேகமாக ஓடும் நீரில் வளர்வது கடிக்கும் கருநிறச் சிற்றீ. ஆகவே ஆற்றுக்கு எவ்வளவு தூரம் என்று மட்டும் பார்க்காமல், அருகில் தேங்கிய தண்ணீர் இருக்கிறதா என்றும் பாருங்கள். பூச்சி விரட்டியில் டீட் (DEET) என்ற வேதிப்பொருள் கலந்தது நன்றாக வேலை செய்யும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைக்கு மட்டும் தடவக் கூடாது, வலை போட்டுவிட வேண்டும். எலுமிச்சை யூகலிப்டஸ் எண்ணெய் இயற்கையானது என்று நினைத்து மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தடவுகிறார்கள். அதுவும் கூடாது.

வீட்டின் கடைக்குட்டிக்கு ஆறு வயது நிரம்பவில்லை என்றால் மேல்படிதான், யோசிக்கவே வேண்டாம். எல்லோரும் பத்து வயதைத் தாண்டி, நன்றாக நீந்தத் தெரிந்து, வறண்ட பருவமாகவும் இருந்து, மேலே அணையும் இல்லை என்றால் கரையோரம் எடுக்கலாம். இதில் ஒன்று குறைந்தாலும் பகலில் நாற்காலியைக் கரையில் போட்டு உட்கார்ந்துவிட்டு, படுக்கையை மேலே வைத்துக்கொள்ளுங்கள்.

மேல்படியிலும் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, தலைக்கு மேல் காய்ந்த கிளை. பச்சை மரத்தில் இலையில்லாத ஒற்றைக் கிளை தொங்கினால் அதன் கீழே கூடாரம் வேண்டாம். காற்றே இல்லாத இரவில்கூட முறிந்து விழும். மற்றொன்று, கழிப்பறை தூரம். முப்பது முதல் அறுபது மீட்டருக்குள் இருந்தால் வசதி. அதைவிட நெருங்கினால் இரவெல்லாம் ஆள் நடமாட்டமும் விளக்கும். நூறு மீட்டருக்கு மேல் போனால், நான்கு வயதுப் பிள்ளையோடு இரவில் இரண்டு தடவை நடக்க வேண்டியிருக்கும்போது அந்தத் தூரத்தின் அருமை தெரியும்.

சொந்தக் கூடாரம்

செலவு குறைவு. இடத்தை உங்கள் விருப்பப்படி இரண்டு மீட்டர் தள்ளிக்கூடப் போடலாம், பிள்ளைகளுக்குக் கொண்டாட்டமும் இதில்தான். ஆனால் தவறு நடக்க வாய்ப்பு அதிகம் உள்ளதும் இதுவே.

நான்கு பேருக்கான கூடாரம் என்று பெட்டியில் போட்டிருந்தால், தோளோடு தோள் ஒட்டி நான்கு பேர் படுக்கலாம் என்றுதான் பொருள். ஒருவருக்குச் சுமார் 55 அல்லது 60 செ.மீ. அகலம் கணக்கு. பைகளுக்கு இடம் கிடையாது. இரண்டு பெரியவர், இரண்டு பிள்ளைகள் என்றால் ஆறு பேர் கூடாரம் எடுங்கள். இது சொகுசுக்காகச் சொல்வது அல்ல. நெருக்கிப் படுக்கும்போது யாராவது ஒருவர் சுவரில் ஒட்டிக் கிடப்பார், விடியும்போது அந்தப் பக்கம் நனைந்திருக்கும். கூடாரம் ஒழுகியதாக நினைப்பார்கள். பெரும்பாலும் அது ஒழுக்கு அல்ல. நான்கு பேர் ஓர் இரவில் மூச்சிலும் வியர்வையிலும் விடும் ஈரம் சேர்ந்து ஏறத்தாழ ஒரு லிட்டர் வரும். அது குளிர்ந்த மேல்துணியின் உள்பக்கம் முத்து முத்தாகக் கோக்கும். ஆற்றோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம் என்பதால் இங்கே இன்னும் கூடுதலாகக் கோக்கும். பரிகாரம் மூடி அடைப்பது அல்ல, திறப்பது. வலைக்கதவை மட்டும் போட்டுவிட்டு மேல் துவாரங்களைத் திறந்து வையுங்கள். உள்துணியும் மேல்துணியும் ஒன்றையொன்று தொடாதபடி இழுகயிற்றை விறைப்பாகக் கட்டுங்கள். ஈரத்துணியை உள்ளே காயப்போடாதீர்கள்.

மேல்துணிக்கு நீர் தாங்கும் அளவு (துணி ஒழுகாமல் தாங்கும் நீர்த்தம்பத்தின் உயரம்) 2000 முதல் 3000 மி.மீ. இருந்தால் போதும். தரைக்கு அதைவிடக் கூடுதலாக வேண்டும், ஏனென்றால் முழங்காலை ஊன்றும்போது ஈரம் கீழிருந்து பிதுங்கி வரும். கீழே தனியாக ஒரு தரைவிரிப்புப் போடும்போது பலர் செய்யும் பிழை, அதைக் கூடாரத்தைவிடப் பெரிதாக விரிப்பது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பில் மழை விழுந்து, வழிந்து, நேரே உங்கள் முதுகுக்கடியில் வந்து தேங்கும். விரிப்பு எல்லாப் பக்கமும் ஐந்து செ.மீ. உள்ளடங்கி இருக்க வேண்டும்.

முளை அடிப்பதும் ஆற்றங்கரையில் தனி வேலை. கூடாரத்தோடு வரும் மெல்லிய கம்பி முளை தோட்டத்து மண்ணுக்குத்தான் சரி. சரளைத் தரையில் வளைந்துவிடும், மணலில் விரலால் இழுத்தாலே வந்துவிடும். சரளைக்குத் தடித்த எஃகு ஆணி முளை, மணலுக்கு 30 செ.மீ. நீளமுள்ள அகன்ற முளை கொண்டு போங்கள். அதுவும் இல்லையென்றால் துணிப்பையில் மணலை நிரப்பிக் கயிற்றைக் கட்டி ஒரு முழம் ஆழத்தில் புதைத்து மிதித்துவிடுங்கள்; எந்த முளையைவிடவும் நன்றாகப் பிடிக்கும். மலைப்பாங்கான பள்ளத்தாக்குகளில் பகலில் காற்று ஆற்றை எதிர்த்து மேலே ஏறும், இரவில் திரும்பிக் கீழே வீசும். வாசலை ஆறு ஓடிப்போகும் திசையைப் பார்த்து வைத்தால் இரவுக் குளிர் நேரே உள்ளே வராது.

அடியில் போடும் மெத்தையைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். வெறும் காற்று மெத்தை மெத்தென்று இருக்கும், ஆனால் உள்ளே காற்று சுழன்று உடம்புச் சூட்டைத் தரைக்குக் கடத்திவிடும். மெல்லியதானாலும் ஃபோம் பாய் ஒன்றை அதன் மேல் விரித்தால் பிள்ளைகள் நடு இரவில் குளிருக்கு எழ மாட்டார்கள்.

குளிர்கிறது என்று கரி அடுப்பையோ, கேஸ் அடுப்பையோ, அணைந்துவிட்டதுபோலத் தெரியும் கங்குச் சட்டியையோ கூடாரத்துக்குள் கொண்டு வரவே கூடாது. வலைக்கதவு திறந்திருந்தாலும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூங்குகிறவர்களை எழுப்பாமலே கொன்றுவிடும்.

நிமிடக் கணக்கில் கூடாரம் எப்படி? ஆட்களை மட்டும் வெளியேற்ற ஜிப் ஒன்றைத் திறந்தால் போதும், ஒரு நிமிடம். ஆனால் பொருளோடு கிளம்ப அரை மணி நேரமாவது ஆகும். அந்த அரை மணியைச் சேமிக்கப் பார்த்துத்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஆகவே வண்டிச் சாவி, மருந்து, ஒரு ஹெட்லேம்ப், பிள்ளைகளின் செருப்பு ஆகியவற்றை ஒரே பையில் போட்டு வாசலருகில் வையுங்கள்.

முகாமே போட்டு வைத்திருக்கும் கூடாரம்

முதல்முறை போகிறவர்களுக்கு இது நல்ல தேர்வு. வந்து இறங்கிய அந்த ஆபத்தான முதல் மணி நேரம் இதில் இல்லை. கை காலியாக இருக்கும், கண் பிள்ளைகள் மேல் இருக்கும். குறை என்னவென்றால் இடம் உங்கள் கையில் இல்லை. காட்சிக்காகக் கரையோரத்திலேயே வரிசையாகப் போட்டிருப்பார்கள். மேல்படியில் இருந்தால் எடுங்கள். போய்ச் சேர்ந்ததும் ஜிப் முழுதாக ஓடுகிறதா, இழுகயிறு தளர்ந்திருக்கிறதா, வலையில் ஓட்டை உண்டா என்று வெளிச்சத்திலேயே பார்த்துவிடுங்கள்.

கேபின்

ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையோ, முழங்கால் வலியுள்ள தாத்தா பாட்டியோ கூட வந்தால் கேபின்தான். தரையில் படுத்து எழ வேண்டியதில்லை. மழை பெய்தாலும் நாள் கெடாது. இடியின்போதும் கூடாரத்தைவிட இதுவே மேல். கூடாரம் மின்னலுக்கு எந்தப் பாதுகாப்பும் தராது. கூடாரத்தில் இருப்பவர்கள் இடி கேட்டதுமே மின்கம்பியும் தண்ணீர்க் குழாயும் பதித்த கேபினுக்கோ உலோகக் கூரையுள்ள மூடிய வண்டிக்கோ போய், கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் உள்ளேயே இருக்க வேண்டும்.

கேபினில் கவனிக்க வேண்டியவை வேறு. குழந்தை கைக்கு எட்டும் தாழ்ப்பாள், கைப்பிடியில்லாத வராந்தாப் படிகள், உள்ளே கேஸ் ஹீட்டர் இருந்தால் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி. தண்ணீரைப் பார்த்தபடி வராந்தா அமைந்த கேபின் என்றால், அந்த வராந்தாவுக்கு வாயிற்கதவு உண்டா என்று கேளுங்கள். நான்கு சுவருக்குள் இருக்கிறோம் என்ற நிம்மதியில் பெற்றோர் அசந்துவிடுவது கேபினில்தான் அதிகம்.

கேம்பர் வேனும் கேரவனும்

படுக்கையோடு கிளம்பிவிடலாம் என்பது இதன் பெரிய பலம். ஆனால் அது பாதி உண்மைதான். பந்தல் விரித்து, மின்கம்பியைச் செருகி, சக்கரத்துக்கு அடியில் மட்டக்கட்டை வைத்து, வண்டியின் முகத்தை ஆற்றைப் பார்த்து நிறுத்தியிருந்தால் கிளம்பக் கால் மணி நேரம் ஆகும். முகம் வெளிவழியைப் பார்த்திருக்க, இரவில் பந்தலைச் சுருட்டிவிட்டுப் படுத்தால் இரண்டு நிமிடத்தில் வேன் நகரும். கேரவனை வண்டியில் மாட்டவே நேரம் பிடிக்கும். அதனால் வெள்ளக் கணக்கில் அதைக் கேபின் என்றே எண்ணி, மேல்படியில் மட்டும் நிறுத்துங்கள்.

கனமான வண்டிக்கு வண்டல் தரை எதிரி. பகலில் இறுகித் தெரியும் தரை ஒரு மழையில் சேறாகிச் சக்கரம் புதையும். குதிகாலை ஊன்றி அழுத்திப் பார்த்துத் தடம் ஒரு விரலுக்கு மேல் இறங்கினால் அங்கே நிறுத்த வேண்டாம். முகாமுக்கு வரும் பாதை தரைப்பாலத்தைத் தாண்டி வருகிறதா என்பதும் முக்கியம். ஆறு ஏறும்போது முதலில் மூழ்குவது அதுதான். அப்போது வண்டியில் கடக்க முயலாமல் முகாமின் மேட்டிலேயே இருப்பதுதான் சரி.

தண்ணீரில் இறங்கும்போது

எதில் தங்கினாலும் இது எல்லோருக்கும் பொது. லைஃப் ஜாக்கெட்டை வயது பார்த்து வாங்காமல் எடை பார்த்து வாங்குங்கள். மாட்டிய பிறகு தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் அது பெரிது. சின்னவர்களுக்குக் கால்களுக்கிடையே போகும் வார் கட்டாயம். ஊதிக் கையில் மாட்டும் வளையம் விளையாட்டுச் சாமான், பாதுகாப்புச் சாமான் அல்ல. ஓட்டம் இழுத்துப் போனால் எழுந்து நிற்க முயலக் கூடாது என்று பெரிய பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிக்கொடுங்கள். பாறை இடுக்கில் பாதம் சிக்கினால் பின்னால் வரும் நீர் ஆளை முன்னால் கவிழ்த்து அமுக்கிவிடும். மல்லாந்து மிதந்து, கால் இரண்டையும் ஓட்டத்தின் திசையில் நீட்டி, பாதத்தைத் தண்ணீர் மட்டத்தில் வைத்துக்கொண்டு கரைப் பக்கம் கையால் துழாவிப் போக வேண்டும். விழுந்து கிடக்கும் மரத்தின் பக்கம் மட்டும் போகவே கூடாது. தண்ணீர் கிளைகளுக்குள் புகுந்து ஓடிவிடும், ஆள் மாட்டிக்கொள்வார்.

கனமழைக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் ஆற்றில் குளிப்பாட்ட வேண்டாம்; கழுவி வந்த அழுக்கெல்லாம் அதில்தான் இருக்கும். பாத்திரமும் சோப்பும் கரையிலிருந்து அறுபது மீட்டர் தள்ளி. குடிக்க ஆற்று நீரைத்தான் எடுக்க வேண்டி வந்தால் தெளிய வைத்து, தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க விடுங்கள். 2000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் மூன்று நிமிடம். அடுப்புக்கு ஆற்றுக்கல்லை எடுத்து அடுக்காதீர்கள். உள்ளே ஊறிய ஈரம் ஆவியாகிக் கல் வெடித்துச் சில்லு தெறிக்கும்.

பதிவு செய்யும் முன்

தொலைபேசியில் நான்கு கேள்வி கேளுங்கள். கடைசியாகத் தண்ணீர் எதுவரை வந்தது? மேலே அணை இருக்கிறதா, திறந்தால் உங்களுக்கு யார் சொல்வார்கள்? இரவில் எங்களை எப்படி எழுப்புவீர்கள்? மேட்டுக்கு நடந்து போக வழி எது? முதல் கேள்விக்கு "எந்த வரிசைவரை" என்று தெளிவாகச் சொல்கிறவர்கள் தங்கள் ஆற்றை அறிந்தவர்கள். அவர்களிடம் அந்த வரிசைக்கு இரண்டு வரிசை மேலே இடம் கேட்டுச் சொந்தக் கூடாரத்தோடு போகலாம். "இங்கே தண்ணீரே வராது" என்று மட்டும் பதில் வந்தால், மேல்படியில் கேபின் இருக்கிறதா என்று கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் வேறு முகாம் பாருங்கள். இடம் எண்ணைக் குறிப்பிட்டு உறுதி செய்யாமல் பணம் கட்ட வேண்டாம். போய்ச் சேர்வது பகல் இரண்டு மூன்று மணிக்குள் இருக்கட்டும். புதரில் சிக்கிய காய்ந்த புல்லின் மட்டத்தைப் பார்க்கவும், மேட்டுக்குப் போகும் வழியைப் பிள்ளைகளோடு ஒருமுறை நடந்து நிமிடத்தை எண்ணிப் பார்க்கவும் வெளிச்சம் வேண்டும்.